கண்ணுக்கு மார்க்

மார்ச் 3, செவ்வாய்
கண்: 6

கண் டாக்டரம்மா இந்த நோட்டைக் கையில் கொடுத்து, "தினமும் கண்ணுக்கு ஒரு மார்க் போடுங்க. ஒண்ணுமே இல்லைன்னா பூஜ்யம், தாங்கவே முடியலைன்னா பத்து. கூடவே அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு ரெண்டு வரி. எதனால கூடுதுன்னு அப்பதான் பிடிபடும்" என்றார். மார்க் குறைந்தால் பாஸ் என்கிற பரீட்சை. பள்ளிக்கூடத்திலும் இப்படி வைத்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

ஒன்பது வருடமாக இருக்கிறது இது. இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்துக்கொள்ளும். இமை சிவந்து தடிக்கும். காலையில் பசை போட்டு ஒட்டிய கண்ணைப் பிரித்துத்தான் விழிக்க வேண்டும். முன்பெல்லாம் மூன்று, நான்கோடு போயிருக்கும் என்று நினைக்கிறேன். அப்போது யார் மார்க் போட்டார்கள்? போன ஒரு வருடமாகத்தான் இந்த ஆட்டம். "முழுசாப் போகாதும்மா, கட்டுக்குள்ள வச்சுக்கலாம்" என்கிறார் டாக்டரம்மா. கல்யாணமாகிப் பதினெட்டு வருடமாக வீட்டில் நான் செய்துகொண்டிருப்பதும் அதைத்தான்.

காலையில் செய்தது: வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டு, பத்து நிமிடம். ஆற ஆற மறுபடி நனைக்க வேண்டும். பிறகு விரலால் இமையை நீவிவிடுதல். பிறகு பஞ்சுக் குச்சியால் இமை முடிகளின் வேரை ஒவ்வொன்றாகத் துடைத்தல். மொத்தம் இருபத்தைந்து நிமிடம். அதற்குள் மகள் இரண்டு தடவை குளியலறைக் கதவைத் தட்டிவிட்டாள்.

மார்ச் 4, புதன்
கண்: 7

மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

மார்ச் 6, வெள்ளி
கண்: 7

ஆஸ்பத்திரி லிஃப்டில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மனசைத் தேத்திக்கோம்மா. யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றார். நான் இங்கே வேலை பார்க்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் அவருடைய மச்சினர் பிழைத்த கதையை ஆரம்பித்துவிட்டார். மூன்றாவது மாடி வரை கேட்டுக்கொண்டு வந்தேன். இறங்கும்போது "எல்லாம் நல்லபடியா ஆகும்" என்றார். நானும் தலையாட்டினேன். என்ன செய்வது?

மார்ச் 8, ஞாயிறு
கண்: 4

வீட்டில்தான். நாள் முழுக்கத் துணி துவைத்தும் நான்குதான்.

மார்ச் 12, வியாழன்
கண்: 6

இன்றைக்கு நல்ல நாள். எழுதி வைக்கிறேன்.

எங்கள் லேப்பில் ரத்தத்தை மெஷின்தான் எண்ணும். அதற்குச் சந்தேகம் வந்தால் காகிதத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுத் துப்பும். நட்சத்திரம் விழுந்த ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, ஒரு மனுஷி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாக வேண்டும். பத்தொன்பது வருடமாக அந்த மனுஷி நான். சிவப்பணு, வெள்ளையணு, நடுவில் இருக்கக்கூடாதது ஏதாவது ஒன்று. இன்றைக்கு மெஷின் நட்சத்திரம்கூடப் போடவில்லை. எனக்குத்தான் எண்களைப் பார்த்ததும் பொறி தட்டியது. போட்டுப் பார்த்தேன். மலேரியா. ஒரு ஸ்லைடு முழுக்கத் தேடி, கடைசி ஓரத்தில் இரண்டே இரண்டு.

லேப் பொறுப்பு டாக்டர் வார்டுக்குப் போன் பண்ணி, "நம்ம மேடம் கண்ணுல பட்டுருச்சு, இனி தப்பிக்காது" என்றார். நான் அங்கேதான் நின்றிருந்தேன். எனக்குச் சொல்லவில்லை, வார்டுக்குத்தான் சொன்னார். ஆனாலும் எனக்குக் கேட்டது.

வீட்டிலோ வெளியிலோ இந்தக் கண்ணைப் பார்த்து ஒருத்தரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும்தான் இது கண். மற்ற நேரத்தில் புண்.

மார்ச் 20, வெள்ளி
கண்: 8

நாளைக்கு மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். "அம்மா, கூலிங் கிளாஸ் போட்டுட்டு வரியா?" என்றாள். வகுப்பறைக்குள்ளா என்று கேட்டேன். "அப்பாவே வரட்டும் அப்ப" என்றாள்.

அவர் போகிறார். லிஃப்ட் ரிப்பேர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு. "சின்னப் பொண்ணு, ஏதோ சொல்லிட்டா, விடு. எல்லாத்துக்கும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத" என்றார். தூக்கவில்லை. வீங்கியிருக்கிறது.

ஏப்ரல் 7, செவ்வாய்
கண்: 4

சிட்டு ஒரு வாரம் லீவு. குழந்தைக்குக் காய்ச்சலாம். சிட்டு எனக்கு அடுத்த ஆள். துறுதுறுவென்று இருப்பதால் நான் வைத்த பெயர். நான் சாப்பிடப் போகும்போதும் வேறு வேலையாக எழுந்து போகும்போதும் ஸ்லைடு பார்ப்பாள். ஸ்லைடு பார்க்கக் கற்றுக்கொடுத்ததும் நான்தான்.

ஏப்ரல் 9, வியாழன்
கண்: 3

ஏப்ரல் 11, சனி
கண்: 2!

தலையணை உறையைத் தினமும் மாற்றுகிறேன். அதுதான் வேலை செய்கிறது போலிருக்கிறது. காலையில் கண்ணாடியில் பார்த்தபோது ஒரு மனுஷி மாதிரி இருந்தேன். இவரிடம் காட்டினேன். "என்ன, பொட்டு மாத்திருக்கியா?" என்றார்.

ஏப்ரல் 15, புதன்
கண்: 7

தலையணை உறையாவது மண்ணாவது.

ஏப்ரல் 23, வியாழன்
கண்: 7

டாக்டரம்மா நோட்டைப் பின்னிருந்து முன்னாகப் புரட்டினார். லிஃப்ட் பெரியவர் கதையில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "வேலைக்குப் போற நாள்ல ஏறுது, ஞாயித்துக்கிழமை இறங்குது. ஏப்ரல்ல ஒரு வாரம் மட்டும் வேலைக்குப் போயும் இறங்கியிருக்கு. அந்த வாரம் லேப்ல என்ன இல்ல?" என்றார்.

தெரியலைங்க என்றேன். "யோசிங்க" என்றார். பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். அந்த வாரம் இல்லாதது சிட்டு ஒருத்திதான். சீ, என்ன புத்தி இது.

ஏப்ரல் 25, சனி
கண்: 8

வீடு போகும் வரை பொறுக்கவில்லை, பஸ்ஸிலேயே எழுதுகிறேன். கோணல்மாணலாகத்தான் எழுத்து வரும்.

கிருமி வளர்க்கும் தட்டுகளைப் படிக்க வேண்டியவர் இன்று வரவில்லை. நான் எடுத்துப் படித்தேன். எல்லாவற்றிலும் நோயாளி எண் இருக்கும். ஒன்றில் மட்டும் இல்லை. எண்ணுக்குப் பதில் "ஐபீஸ்" என்று எழுதியிருந்தது. மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கிற பகுதி. தேதி, நேற்று முன்தினம்.

யார் எதற்கு அதைப் போட்டார்கள் என்று எனக்கு முதலில் உறைக்கவே இல்லை. வழக்கம் போலப் படித்தேன். வெள்ளை வெள்ளையாகச் சின்னப் பொட்டுகள். தோலில் சும்மா குடியிருக்கிற கிருமி. யார் தோலிலும் இருக்கும். "இது யாருது? நம்பர் போடாம வச்சிருக்கீங்க" என்று சத்தமாகக் கேட்டேன்.

சிட்டு திரும்பவில்லை. ரத்தம் எடுக்கிறவர், நாங்கள் ஊசிக்காரர் என்று கூப்பிடுவோம், டீ குடிக்கப் போகிறேன் என்று எழுந்தார். அப்போதுதான் டீ குடித்துவிட்டு வந்திருந்தார்.

என் கண்ணிலிருந்து என்ன ஒட்டுகிறது என்று என்னைக் கேட்காமல் பரிசோதனை செய்திருக்கிறார்கள். என் லேப்பில். அதன் ரிசல்ட்டை நானே படித்துச் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 27, திங்கள்
கண்: 8

சாப்பிடப் போனவள் பாதியில் திரும்பினேன், சொட்டு மருந்தை மேஜையிலேயே விட்டுவிட்டதால். சிட்டு மைக்ராஸ்கோப் பக்கத்தில் நின்றிருந்தாள். ஒரு கையில் பஞ்சு. மறு கையில் மேஜை துடைக்கிற கிருமிநாசினி பாட்டில். ஐபீஸைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்தை நனைய நனையத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா?" என்றேன்.

"அக்கா... தப்பா எடுத்துக்காதீங்க. வீட்ல கைக்குழந்தை இருக்கு."

"எத்தனை நாளா?"

"போன வருஷம் ஊரெல்லாம் கண்ணு வலி வந்துச்சுல்ல, அப்பலேர்ந்து. டாக்டர்தான் சொன்னாரு. உங்ககிட்ட சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு..."

ஒரு வருடம். நான் எழுந்து போகும்போதெல்லாம் என்றால், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. அந்தப் பாட்டிலில் சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறது, கண்ணில் படக் கூடாது என்று. மற்றவர்கள் ஐபீஸிலிருந்து ஒரு விரல் தள்ளிக் கண்ணை வைப்பார்கள். நான் அப்படியில்லை. வெளிவெளிச்சம் வரக் கூடாதென்று ரப்பரில் இமையை அழுத்தி வைத்துத்தான் பார்ப்பேன். ஒரு வருடமாக என் இமையைக் கொண்டுபோய் அந்தத் தண்ணீரில் நானே தோய்த்திருக்கிறேன். இமை சிவக்கச் சிவக்க இவர்களுக்குப் பயம் கூடியிருக்கிறது. பயம் கூடக் கூட நன்றாகத் துடைத்திருக்கிறார்கள்.

கிருமி எது, கிருமி இல்லாதது எதுன்னு ஊருக்கே எழுதிக் குடுக்கறவங்கதானே நீங்க? ஒட்டாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்? டாக்டரம்மாகிட்ட சீட்டு வாங்கிட்டு வந்து காட்டினேனே! ஆமா ஆமான்னு தலையாட்டினீங்களேடி!

இதெல்லாம் அங்கே சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். அங்கே சொன்னது, "தள்ளு, ஸ்லைடு இருக்கு."

ஏப்ரல் 28, செவ்வாய்
கண்: 6

தட்டு போடத் தெரிந்தவர்கள் அவர்கள் மட்டுமா? ஆறு தட்டு எடுத்தேன். ஆறு இடத்தில் பஞ்சால் ஒற்றித் தடவினேன். ஒன்றிலிருந்து ஆறு வரை எண் மட்டும். எது யாருடையது என்ற சீட்டு என் கைப்பைக்குள்.

ஏப்ரல் 30, வியாழன்
கண்: 5

டாக்டர் மேஜையில் ஆறு தட்டையும் வரிசையாக வைத்தேன். சிட்டுவையும் ஊசிக்காரரையும் கூப்பிடச் சொன்னேன். ஆறிலும் அதே வெள்ளைப் பொட்டுகள்தான்.

"இதுல ஒண்ணு என் இமை. எதுன்னு சொல்லுங்க டாக்டர்."

அவர் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, பொட்டுகள் அதிகமாக இருந்த நான்காம் எண்ணைத் தொட்டு, "இதுவா இருக்கும்" என்றார்.

"அது உங்க மூக்குக் கண்ணாடி, டாக்டர். அன்னைக்கு மேஜையில வச்சுட்டுக் கை கழுவப் போனீங்க."

ஊசிக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் இருமல் வந்துவிட்டது. டாக்டரும் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றி ஒரு தடவை பார்த்துவிட்டு மாட்டிக்கொண்டார். "நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. எங்க தப்புதான். இனிமே அந்த பாட்டிலைக் கிட்டயே கொண்டுபோகக் கூடாது" என்று சிட்டுவிடம் சொன்னார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கதவுப் பக்கம் வரைக்கும் வந்துவிட்டேன்.

"ஆனா மேடம், கண்ணு இந்த நிலைமையில இருக்கறப்ப மைக்ராஸ்கோப் உங்களுக்கு நல்லதில்ல பாருங்க. கொஞ்ச நாள் முன்னாடி கவுண்ட்டர்ல இருங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

மே 2, சனி
கண்: 6

கவுண்ட்டரில் ரிப்போர்ட் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக, வேலைக்கு வந்தும் ஒரு நாள் முழுக்க ஒரு ஸ்லைடும் பார்க்கவில்லை.

பாத்ரூமுக்குள் போய் அழுதேன். நன்றாகவே அழுதேன். வெளியே வந்ததும் ஊசிக்காரர் பார்த்துவிட்டு, "இன்னைக்கு மருந்து போட்டுக்கலையா மேடம்?" என்றார். அழாத நாளெல்லாம் அழுதாயா என்று கேட்கிறார்கள். அழுத அன்றைக்கு மருந்தைக் கேட்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே முகம்தான் வைத்திருக்கிறேன் போலிருக்கிறது.

மே 11, திங்கள்
கண்: 4

மே 19, செவ்வாய்
கண்: 3

"பேரு என்னங்க? வயசு? இங்க கையெழுத்து போடுங்க." தூக்கத்திலும் இதையே சொன்னேன் என்கிறார் இவர்.

ஜூன் 22, திங்கள்
கண்: 1

ஆளாளுக்குச் சொல்கிறார்கள். கண் எவ்வளவு தெளிவாகிவிட்டது, பத்து வயது குறைந்துவிட்டது. மகள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். இவர்கூட இன்று கவனித்தார், நானாகக் காட்டாமலே. சந்தோஷமாக இருக்க வேண்டும். இல்லை.

மத்தியானம் டாக்டரிடம் போனேன். கொஞ்ச நாள் என்றீர்கள், ஏழு வாரம் ஆகிறது, கண் சரியாகிவிட்டது, என் நாற்காலியைக் கொடுங்கள் என்றேன். கெஞ்சலாக வந்துவிடக் கூடாதென்று நிதானமாகத்தான் கேட்டேன்.

"அதைத்தானே நானும் சொல்றேன்! கவுண்ட்டருக்கு வந்தப்புறம்தானே சரியாச்சு? மைக்ராஸ்கோப்தான் உங்களுக்கு ஆகலைன்னு இப்ப நிரூபணமே ஆயிருச்சே. எதுக்குத் திரும்பப் போய் வம்பை விலைக்கு வாங்கணும்?"

மைக்ராஸ்கோப் இல்லைங்க டாக்டர், நீங்க ஊத்தின தண்ணி என்றேன். "சரி சரி, அது பழைய கதை" என்றார். சிட்டு நன்றாகப் பழகிவிட்டாளாம். நன்றாகத்தான் செய்கிறாளாம்.

ஆக, கண் கெட்டிருந்தால் கெட்டிருக்கிறது என்று உட்கார விட மாட்டார்கள். சரியானால் சரியாகியிருக்கிறது என்று உட்கார விட மாட்டார்கள். எந்த மார்க் வாங்கினால் பாஸ் என்று யாராவது சொல்லித் தொலைத்தால் தேவலை.

ஜூலை 9, வியாழன்
கண்: 1

சிட்டு கவுண்ட்டருக்கு வந்தாள். போனில் ஒரு படம். "அக்கா, இந்த செல்லு என்னன்னு பாருங்களேன். எனக்கு என்னமோ மாதிரி இருக்கு." முன்னால் ஆறு பேர் ரிப்போர்ட்டுக்கு நிற்கிறார்கள். படம் மங்கல். இருந்தாலும் தெரிந்தது. சாதாரண வெள்ளையணு இல்லை, முற்றாத அணு, ரத்தப் புற்றுநோயில் தெரிவது, ரத்தத்துக்குள் வரவே கூடாதது. இன்னும் பத்து இடத்தில் தேடு, இருந்தால் உடனே டாக்டரைக் கூப்பிடு என்றேன். யாரோ ஒருவருடைய ரத்தம் அது. சிட்டு மேல் இருக்கிற கோபத்தை அதில் காட்ட முடியாது.

சாயங்காலம் கிளம்பும்போது ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "அக்கா, நீங்க சொன்னதுதான்! பதினேழு வயசுப் பொண்ணு. சீக்கிரம் பிடிச்சதால வைத்தியம் பண்ணலாமாம். நான்தான் கண்டுபிடிச்சேன்னு டாக்டர் எல்லார் முன்னாடியும் பாராட்டினாருக்கா."

அவள் பொய் சொல்லவில்லை. ஒளிக்கவும் இல்லை. என்னிடமே வந்து சந்தோஷமாகச் சொல்கிறாள், நான் சேர்ந்து சந்தோஷப்படுவேன் என்று நம்பி. வயிறு எரிகிறது. எழுத வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன். பற்றி எரிகிறது.

ஜூலை 10, வெள்ளி
கண்: 2

வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். டாக்டர் "அவசரப்படாதீங்க" என்றார். பத்தொன்பது வருடம் அங்கே அவசரப்படாமல்தானே இருந்தேன்.

ஜூலை 19, ஞாயிறு
கண்: 2

ஊரின் இன்னொரு கோடியில் ஒரு சின்ன லேப். மெக்கானிக் ஷெட்டுக்கு மேல் மாடி. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். முதலாளியம்மாவும் எங்களைப் போல டெக்னீஷியனாக இருந்து சொந்தமாக ஆரம்பித்தவர். அங்கே மெஷின் அடிக்கடி படுத்துக்கொள்ளுமாம். அதனால் ஸ்லைடு ஜாஸ்தி.

"ரெண்டு பஸ் மாறணும்" என்றார் இவர். ஆமாம் என்றேன். "கீழ புகை வேற. கண்ணு மறுபடி கெடும். இப்பதான் நல்லா இருக்கு." கெடும் என்றேன். "தெரிஞ்சே போறியா?" என்றார். தெரிந்தேதான். கண்ணை ஷோகேஸில் வைக்கவா வைத்திருக்கிறேன்?

பிறகு அவரே, வெந்நீர்த் துண்டுக்கு ஒரு ஃபிளாஸ்க் வேண்டுமா, கையோடு எடுத்துப் போகலாமே என்றார். இந்த மனுஷனைப் பற்றி நான் எழுதியதில் ஒரு வரியையாவது அடிக்க வேண்டும். எந்த வரி என்று பிறகு பார்க்கலாம்.

ஆகஸ்ட் 3, திங்கள்
கண்: 4

முதல் நாள். ஜன்னல் வழியாகப் புகை, பெயின்ட் வாசனை. பதினோரு மணிக்கே இமை உறுத்த ஆரம்பித்துவிட்டது. மூன்று மாதம் கழித்து ஸ்லைடு. விரல் தடுமாறியது, வெட்கமாகப் போய்விட்டது. நாலைந்து ஸ்லைடுக்குப் பிறகு சரியாயிற்று.

மத்தியானம் ஒன்றில் சந்தேகம். முதலாளியம்மாவைக் கூப்பிட்டேன். அவருக்கு ஒரு கையில் போன், யாரோடோ சண்டை. காலையில் வந்ததும் என் கண்ணைப் பற்றிக் கேட்டிருந்தார். சொல்லியிருந்தேன். "ஓ" என்றிருந்தார், அவ்வளவுதான். இப்போது போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "தள்ளுங்க, பாக்கறேன்" என்று இடுப்பால் என்னை இடித்துத் தள்ளிவிட்டு, நான் அப்போதுதான் கண்ணை எடுத்த அதே ஐபீஸில் அப்படியே தன் கண்ணை வைத்தார். துடைக்கவில்லை. ரப்பரில் என் இமையின் ஈரம்கூட இருந்திருக்கும். "நீங்க சொன்னதுதான். எழுதிருங்க" என்றார். போனில் சண்டையைத் தொடர்ந்தார்.

நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். கீழே ஒரு வண்டிக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவுதானா? ஒரு நொடி வேலை. பத்தொன்பது வருடம் பழகியவர்களில் ஒருத்தருக்குக்கூட இது வரவில்லையே என்று ஆத்திரமாக வந்தது.

"என்ன, கண்ணு ரொம்ப எரியுதா?" என்று முதலாளியம்மா கேட்டார்.

இல்லைங்க, அழறேன் என்றேன்.